கேட் மூடியிருந்த நேரத்துக் காற்று

நேற்று மகள் வீட்டுக்குப் போகும் வழியில், நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பேருந்து நின்றது. வரிசையில் நின்ற யாரும் இன்ஜினை அணைக்கவில்லை. டீசல் புகை முகத்தில் அடித்ததும், என்னங்க, நீங்களே பக்கத்தில் வந்து உட்கார்ந்தது போலிருந்தது. உங்கள் சட்டையில் எப்போதும் இருந்த வாசனை அது.

துபாயிலிருந்து திரும்பிய கையோடு, "இனிமே சபர், வெளிநாட்டுப் பொழப்பு வேணாம். கேட்டுப் பக்கத்துல ஒரு கடை போடுவோம். கேட் மூடுனா பஸ்ஸு, லாரி எல்லாம் நின்னுதானே ஆவணும்?" என்றீர்கள். நினைத்தபடியே நடந்தது. எஸ்டிடி பூத், கூல்டிரிங்ஸ், வாழைப்பழம். ஊரில் வண்டிகள் பெருகப் பெருக வரிசை நீண்டது. நமக்கும் சந்தோஷம்தான். நான் கல்லாவில், நீங்கள் வாசலில்.

தூசியைக் கண்டாலே உங்களுக்கு ஆகாது. பாட்டில்களை ஓயாமல் துடைப்பீர்கள். கடைசியில் கண்ணாடிக் கதவே போட்டீர்கள். "பாரு, ஒரு பொட்டுத் தூசி இல்ல" என்று மேசையில் விரலை இழுத்துக் காட்டிச் சிரித்தீர்கள். விரல் சுத்தமாகத்தான் இருந்தது.

பீடி, சிகரெட்டைத் தொட்டதில்லை. இருமல்கூடக் கிடையாது. பள்ளிவாசல் படியேறும்போது இடது கை வலித்ததை வாயுப்பிடிப்பு என்று நீங்களே சொல்லிக்கொண்டீர்கள். மறு வாரம் ஒரு காலை, ஷட்டரைத் தூக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து உங்கள் மய்யித்தைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

"சிகரெட்டே குடிக்காத மனுசருக்கு மாரடைப்பு எப்படிங்க வரும்?" என்று டாக்டரிடம் கேட்டேன். எங்கே வேலை என்று விசாரித்தார். சொன்னேன்.

"கண்ணுக்குத் தெரியற தூசி பெரும்பாலும் மூக்கு, தொண்டையோட நின்னுடும்மா. வண்டிப் புகையில கண்ணுக்கே தெரியாத துகள் இருக்கு. அது நுரையீரலையும் தாண்டி ரத்தத்துல கலக்கும். ரத்தக் குழாயை உள்ளுக்குள்ளயே கெடுக்கும். இவருக்கு இது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா இதுவும் காரணமா இருக்கலாம்."

கடையை மூடிவிட்டேன். உங்கள் தம்பி மகன் வந்து, "ஏசி போட்டு நான் நடத்துறேன் பெரியம்மா" என்றான். "அந்த எடத்துல யாரும் உக்கார வேணாம்ப்பா" என்றேன். கோபித்துக்கொண்டு போனவன், நாலு கடை தள்ளி வேறொன்றைப் பிடித்துவிட்டான். அவன் மனைவி கைக்குழந்தையோடு பகலெல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். போய்ச் சொன்னேன். "இங்க ஒரு புகையும் தெரியலயே மாமி" என்று சிரிக்கிறாள்.

போன மாதம் மாடிப்படியில் எனக்கு மூச்சு வாங்கியது. மகள் விடாப்பிடியாக அழைத்துப் போனாள். ரத்தக் குழாயில் அடைப்பு தொடங்கியிருக்கிறதாம்.

"அத்தாவுக்கு வந்த அதே நோயாம்மா?" என்று உங்களை நினைத்துக் கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

நீங்கள் போய்விட்டீர்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நாம் இழுத்த காற்று மட்டும், என் ரத்தத்தில் இன்னும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.