மலை இல்லாத பக்கம்

ஜூன் 3, போடி

காலையிலிருந்து சாரல். பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு மாம்பழம் வரையச் சொல்லிவிட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிராயிங் டீச்சருக்கு இந்தச் சௌகரியம் உண்டு.

சாயங்காலம் கேன்வாஸை எடுத்து வைத்தேன். ஸ்டீவன் கப்பல் வேலைக்குப் போகும்முன் மதுரையில் வாங்கித் தந்த நாலு டியூப் எண்ணெய் வண்ணம்: வெள்ளை, அல்ட்ராமரைன் நீலம், மஞ்சள் ஆக்கர், பர்ன்ட் சியன்னா என்கிற செம்மண் பழுப்பு. பச்சையும் இல்லை, கறுப்பும் இல்லை. "கடலுக்கு இது போதும்மா" என்றான்.

இவர் எட்டிப் பார்த்தார். "நம்ம கடையில மெஷின்ல ஆயிரம் ஷேடு கலக்கித் தாரோம். நீ நாலை வச்சுக்கிட்டுக் கடலா வரையிற?" மகன் வாங்கித் தந்தது என்று தெரிந்தால் இந்தக் கேலிகூட வந்திருக்காது. பெயிண்ட் கடையில் உட்காராமல் கப்பல் இன்ஜினைப் பார்க்கப் போய்விட்டான் என்று கிறிஸ்துமஸிலிருந்து பிள்ளையோடு பேச்சே இல்லை.

ஜூன் 5

நீலத்தில் சியன்னாவைக் கலந்தால் மழைமேகக் கறுப்பு வருகிறது! வெள்ளை சேர்த்தால் நல்ல சாம்பல். ஆனால் கை ஆக்கரையும் நீலத்தையும் சேர்த்துச் சேர்த்து வயல் பச்சையாக்குகிறது. பார்த்துப் பழகிய கண். துடைத்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

ஸ்டீவன் குரல் பதிவு அனுப்பியிருந்தான். சர்ச் விட்டு வந்து போனை எடுத்தேன். போடுவதற்குள் இவர் கடைக்குக் கிளம்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, பூட்டிக் கிடக்கிற கடைக்கு.

"எந்தப் பக்கம் பாத்தாலும் மலையே இல்லம்மா. மேக்க எதுன்னே தெரியல. நம்மூர்ல கண்ணத் தொறந்தா மேக்க மலை நிக்கும்ல..." சிரிக்கத்தான் பார்த்தான். கடைசியில் அழுகையாகி, பதிவை நிறுத்திவிட்டான். தனியாக உட்கார்ந்து நானும் அழுதேன்.

ஜூன் 12

பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் படத்தைப் பார்த்துவிட்டு, "வைகை டேமா டீச்சர்? அப்பிடியே இருக்கு" என்றாள்.

அப்புறம்தான் பார்க்கிறேன். அலைகளுக்கு அந்தப் பக்கம் வரிசையாக மலை போட்டு வைத்திருக்கிறேன்! எப்போது போட்டேன்? இந்த ஊரில் தண்ணீர் என்றால் அதற்குப் பின்னால் மலை. கை அதுபாட்டுக்குப் போட்டுவிட்டது.

அழிக்க மனம் வரவில்லை. அக்கரையே இல்லாத தண்ணீரில் பிள்ளையை எப்படி விடுவது? இருக்கட்டும்.

ஜூன் 17

ஸ்டீவனுக்கு அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது.

ஜூன் 20

அவனை வேலைக்கு எடுத்த ஏஜென்சிக்குப் பேசினேன். இன்ஜின் பழுதாம். அரபிக்கடலில் காற்றாம். இழுத்து வர வேறு கப்பல் போகிறதாம். பயப்பட வேண்டாமாம். பயப்படாம? உங்க பிள்ளையா அங்கன கிடக்கு?

இவரிடம் சொன்னேன். "ஆபீஸ்ல வேற என்ன சொன்னாக?" என்றார். அவ்வளவுதான். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவினார்.

ஜூன் 21

மலையை இன்னும் கனமாகத் தீட்டினேன். வேறு என்ன செய்ய?

ஜூன் 22, ஞாயிறு

சர்ச்சில் ஜெபக் குறிப்புக்கு ஸ்டீவன் பெயரைக் கொடுப்போம் என்றேன். "வேணாம். சாகக் கிடக்கிறவன் மாதிரி அவன் பேரை வாசிக்கணுமா?" என்று கத்தினார்.

நானும் கத்தினேன். "உங்களுக்கென்ன? நீங்கதான் அவனோட பேசுறதே இல்லையே!"

படத்தின் முன்னால் போய் நின்றார். பிறகு, "அங்கன எதுக்கு மலை? அழிச்சிரு."

எனக்கென்று இருக்கிற ஒரே பிடி, அதையும் பிடுங்குகிறாரே, என்ன மனிதர்? அவரோ கடையைத் திறந்து டர்பன்டைன் பாட்டிலும் பழந்துணியும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

கோபத்தில்தான் அழித்தேன். நேற்றுப் பூசியது ஈரமாகவே இருந்ததால் சுலபமாக வந்துவிட்டது. வானமும் தண்ணீரும் சேரும் இடத்தில் வெறும் சாம்பலை இழுத்தேன். பார்க்கவே பயமாக இருக்கிறது. ஆனால் இப்போது யாரும் இதை டேம் என்று சொல்ல மாட்டார்கள்.

ஜூன் 24

ஒன்றும் இல்லை.

ஜூன் 26

பள்ளிக்கு லீவு போட்டிருந்தேன். மத்தியானம் போன் அடித்தது. "அம்மா" என்றான். கப்பலைத் துறைமுகத்துக்கு இழுத்து வந்துவிட்டார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. அதற்குமேல் அவனைப் பேசவிடாமல் நானே அழுதுகொண்டிருந்தேன்.

சாப்பாட்டுக்கு வந்த இவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். நான் போனை நீட்டவில்லை. கேட்கட்டுமே என்று இருந்தேன். அவரே வந்து கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"ஏலே... இப்ப மேக்க எதுன்னு தெரியுதா?"

அந்தப் பதிவை நான் இவருக்குப் போட்டுக் காட்டியதே இல்லை. அவன் சொன்னதைச் சொன்னதும் இல்லை. நான் அடுப்படியில் இருந்தபோது என் போனை எடுத்துக் கேட்டிருக்கிறார். எத்தனை தடவை கேட்டாரோ! மலையை அழிக்கச் சொன்னது அதனால்தானோ?

அவன் பேசப்பேச "ம்... ம்..." என்றபடியே படத்தருகே போனார். மலை இருந்த இடத்தை விரலால் தொட்டார். இன்னும் காயவில்லை, நுனியில் சாம்பல் ஒட்டியது. அதே கையால் கண்ணைத் துடைக்கப் போனார்.

"கையக் கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது" என்றேன்.