கல்கத்தா நீதிபதியின் தீர்ப்பை நீ மாற்றிய பின்னேரம்

மச்சான்,

இன்று ஹம் நகர நூலகத்தில் பழைய டிவிடி படத் தட்டுகளை ஒரு பெட்டியில் போட்டு, விரும்பியவர்கள் எடுக்கலாம் என்று வைத்திருந்தார்கள். மேலே கிடந்தது அந்த வங்காளப் படம். அட்டையைப் பார்த்ததும் நான் தனியே நின்று சிரித்த சிரிப்புக்கு நூலகப் பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள்.

உலகக் கிண்ண உதைபந்தாட்டம் இங்கே ஜெர்மனியில் நடந்த கோடை அது. ஊரே கொடியும் கையுமாய் நிற்க, நீ நம் தமிழ்ச் சங்க மண்டபத்தில் இந்தக் கறுப்பு வெள்ளைக் கொலைப் படத்தைப் போட்டாய். "உனக்கென்ன விசரே?" என்று கேட்டேன். "உதைபந்து விளங்காத சனமும் இருக்குதெல்லோ" என்றாய். முப்பது பேர் வந்தார்கள். திரையின் கீழே ஜெர்மன் எழுத்து. வாசிக்கக்கூடியவர்கள் ஐந்தாறு பேர்தான். அதனால் நீ ஒலிவாங்கியைப் பிடித்து ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னாய்.

உனக்கு அது பழகிய வேலை. அகதி விசாரணைகளில் நம்மவர்களுக்கு நீதான் மொழிபெயர்ப்பாளன். "ஒரு சொல் கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்" என்பாய். சனம் உன்னை நம்பியது அதற்காகத்தான். என் முதல் அகதி மனு தள்ளுபடியான கடிதத்தையும் நீதான் வாசித்துச் சொன்னாய், ஒரு சொல் குறையாமல். இரண்டு மாதம் நான் உன்னோடு பேசவில்லை.

படத்தில் ஓர் அச்சகத் தொழிலாளி, தங்கையை அடித்து வதைத்த அவள் புருஷனைக் கொன்றுவிட்டு ஒளிந்து திரிகிறான். இடைவேளைக்குள் மண்டபமே அவன் பக்கம். "ஐயோ தம்பி, அந்தப் பக்கம் போகாதை!" என்று திரைக்கே வழி சொன்னார் பேக்கரியில் வேலை செய்யும் அக்கா. கடைசியில் நீதிபதி தீர்ப்பை வாசித்தார். நீ ஒரு கணம் தயங்கினாய். பிறகு, "விடுதலை!" என்றாய்.

ஒரே கைதட்டல். ஆனால் திரையில் தங்கை தலையில் அடித்து அழுகிறாள். "சந்தோசத்திலை அழுறா" என்றாய், பாவி! பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழும்பி, "மாமா, தூக்கு எண்டெல்லோ கீழை எழுதிக் கிடக்கு!" என்றது.

பேக்கரி அக்கா உன் பக்கம் திரும்பினார். "அப்ப என்ரை விசாரணையிலையும் இப்பிடித்தான் மாத்திச் சொன்னனீங்களோ?"

இத்தனை வருடம் நீ காத்த பெயர் ஒரு சொல்லில் போகப் பார்த்தது.

"இல்லை அக்கா. அங்கை ஒரு சொல்லும் மாத்தேல்லை." ஒலிவாங்கியைக் கீழே வைத்தாய். "எத்தினை பேருக்கு 'இல்லை' எண்டு வாசிச்சுச் சொன்னனான். ஒருக்காவது ஒருத்தனை விடவேணும் போல கிடந்துது. மன்னியுங்கோ."

அக்கா திரையைக் காட்டினார். "சரி, கடைசிக் கட்டத்தைத் திருப்பிப் போடுங்கோ. உள்ளதைச் சொல்லுங்கோ. அழவேண்டியதை நாங்கள் அழுறம்."

சொன்னாய். அழுதார்கள். பிறகு ரோல்ஸும் தேத்தண்ணியுமாய், அவனைத் தூக்கில் போட்டது சரியா பிழையா என்று பொழுதுபடும்வரை சண்டை பிடித்தார்கள். எந்தப் படத்துக்கும் நம் மண்டபத்தில் அப்படி ஒரு வரவேற்பை நான் கண்டதில்லை.

போன மாரியில், உனக்கு இனி அதிக நாளில்லை என்று டொக்டர் சொன்னதை உன் மனைவிக்கு நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. பொய் வாய்வரை வந்துவிட்டது. கட்டிலில் கிடந்த நீ, "உள்ளதைச் சொல்லடா" என்றாய். சொன்னேன். மனு தள்ளுபடியான அந்தக் கடிதத்தை எனக்கு வாசித்தபோது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் விளங்கியது, இந்த மடையனுக்கு.

இப்போது நீ இல்லை; நம் சனத்துக்கு மொழிபெயர்க்க ஆஸ்பத்திரிக்குப் போவது நான். ஒரு சொல்லும் குறைப்பதில்லை. ஆனால் சொன்ன உடனே எழும்பி வருவதுமில்லை. அவர்கள் அழுது முடியும்வரை பக்கத்திலேயே இருக்கிறேன்.