அக்காவுக்குக் கால் யார் கேட்டது?

ஊரையே அதட்டி வைத்திருந்த என் செல்ல அக்காவுக்கு,

உன் வருஷத் திதி வருகிறது. அதற்காக உன் படத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லி லான்மடா கடைத்தெருவில் ஒரு படக்கடையில் கொடுத்திருந்தோம். நேற்று வாங்கி வந்து பிரித்தால், அக்கா, நீ நிற்கிறாய். பச்சைப் பட்டு, பளபளவென்று செருப்பு, பின்னால் ஒரு நீர்வீழ்ச்சி. கழுத்துக்கு மேலேதான் நீ. மூன்று வயதுக் காய்ச்சலோடு போன கால்கள் இப்போது என்ன ஜோராக வந்திருக்கின்றன தெரியுமா?

எல்லாம் என் வீட்டுக்காரி செய்த வேலை. "படத்துலயாவது உங்க அக்கா நிக்கட்டுமே. பாக்குறவங்க பாவம்னு சொல்ல மாட்டாங்கல்ல?"

"அவள பாவம்னு சொல்லிட்டு எவளாவது அவகிட்ட ரவிக்கை தச்சு வாங்கிட்டுப் போயிருக்காளா?" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கரண்டு வந்த நேரத்தில் என் சின்ன மகள் போனில் ஒன்றைக் காட்டினாள். பெரு என்று ஒரு நாடாம், ஆண்டிஸ் மலையாம். எனக்கு ஆற்றோரம் இருக்கிற டாலாவைத் தாண்டினாலே திசை தெரியாது. அங்கே ஆயிரம் வருஷத்துக்கும் முந்திய குயவர்கள், கண் தெரியாதவர்களையும் கால் போனவர்களையும் இருந்தபடியே மண்ணில் செய்து வைத்திருக்கிறார்கள். இல்லாத காலை ஒட்டவில்லை. அங்கே தோண்டி எடுத்த எலும்பு உடைந்து கூடியிருப்பதைப் பார்த்து, ஆராய்ச்சிக்காரர்கள், இவரை யாரோ கூடவே இருந்து கவனித்திருக்கிறார்கள் என்றும் சொல்கிறார்களாம்.

உன் எலும்பைப் பார்த்தால் என்ன சொல்வார்கள்? தம்பி தினமும் தூக்கினான், பாவம், நல்லவன் என்பார்கள். "மெதுவாடா, நான் என்ன அரிசி மூட்டையா?" என்று நீ திட்டியது அதில் தெரியுமா? நீ தைத்த தாமேன் பாவாடையிலும் ரவிக்கையிலும்தான் அந்த நல்லவன் சோறு தின்றான் என்பது தெரியுமா? எங்கே தெரியப்போகிறது, உன்னைத்தான் எரித்துவிட்டோமே. மிச்சம் இருப்பது படம் ஒன்று. அதிலும் வேறொருத்தி காலா?

பெட்டியைக் கிளறி இன்னொரு படம் எடுத்தேன். பலகையில் உட்கார்ந்து, கை மெஷினைப் பிடித்துக்கொண்டு, வாயில் நூலோடு முறைக்கிறாய்.

"இதுல கோவமா இருக்காங்களே," என்றாள் வீட்டுக்காரி.

"வேலை நேரத்துல படம் எடுத்தா வேற எப்படி இருப்பா?"

படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தாள். "மெஷின்ல இருக்கிற அந்த ஊதா ரவிக்கை என்னுதுதான்," என்றாள். பிறகு அவளே துடைத்து வைத்தாள்.

திதியன்று இந்தப் படம்தான் மாட்டுவேன், அக்கா. அதுவும் நீ உட்கார்ந்திருந்த உயரத்தில். மாலை போட வருகிறவர்கள் குனியட்டும். குனிய முடியாதவர்கள் உன் பக்கத்தில் உட்காரட்டும்.

திட்ட ஆளில்லாமல் தொப்பை வைத்துப்போன,
உன் தம்பி மாணிக்கம்