மருந்தடிக்காத இரண்டு வரிசை

மச்சான்,

இன்று காலை மொனராகலையிலிருந்து உன் மூட்டை வந்தது. உன் மூட்டை என்றுதான் இன்னும் வாயில் வருகிறது. அனுப்பியது உன் மனைவி. தலவாக்கலைக் குளிரில் கடையைப் பாதி மட்டும் திறந்து வைத்துக்கொண்டு சாக்கின் தையலைப் பிரித்தேன். காய்ந்த மண்ணோடு கலந்த கடலை வாசம். அது வந்தால் உன் பேச்சும் கூடவே வந்துவிடுகிறது.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரே லயத்தில் பிறந்தோம். நான் கடலை வறுத்து விற்று ஆளானேன். நீ தோட்டத்து வேலைப் பதிவில் பேரை வெட்டிக்கொண்டு, குடியிருந்த லயத்துக் காம்பராவையும் விட்டுக்கொடுத்து, மொனராகலைக்கு இறங்கிக் குத்தகை நிலத்தில் நிலக்கடலை போட்டாய். நிலம் கைவிட்டால் திரும்பி வர இடமில்லை. அது இருவருக்கும் தெரியும்.

முதல் போகத்தில் நல்ல மழை. தேயிலையில் கொழுந்து ஓட அடிக்கிற வளர்ச்சி ஊக்கியைக் கடலைக்கும் அடித்தாய். செடி முழங்காலுக்கு மேல் பொங்கியது. வரப்பில் நின்று இருவரும் பூரித்துப்போனோம். இலையைப் பார்த்தே விளைச்சலை எடைபோடுகிற கண் நமக்கு, தோட்டம் பழக்கிவிட்டது. பிடுங்கினால் அடியில் நாலு காய், அதிலும் பாதி பருப்பில்லாத பொக்கு.

நிலத்துக்காரர் சிங்களவர், நல்ல மனிதர், ஆனால் கறாரானவர். இன்னும் ஒரு போகம் பார்ப்பேன், அதுவும் இப்படியென்றால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார்.

அடுத்த போகம் நீ நேர்மாறாகப் போனாய். விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு, வளர்ச்சியை மட்டுப்படுத்தும் மருந்து வாங்கினாய். பூவிலிருந்து விழுது மண்ணுக்குள் இறங்குகிற சமயம் பார்த்து ஒரே ஒரு தடவை அடித்தாய். செடியெல்லாம் குட்டையாக நின்றன. நான் குந்தி ஒரு செடியைத் தொட்டுப் பார்த்தேன்.

“என்னடா மச்சான், கோழிக்குஞ்சு மாதிரி நிக்குது? கதைய முடிச்சிட்டியா?”

“நீ யாவாரி. மூட்டை கட்டுனதுக்கப்புறம் பேசு. தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுறோம்ல? இது கத்தியில்லாத கவ்வாத்து. மேல போற சாப்பாட்டக் கீழ திருப்புறேன்.”

ஓரத்தில் இரண்டு வரிசை மட்டும் உயர்ந்து நின்றது. மருந்து போதவில்லையா என்று கேட்டேன்.

“வேணும்னுதான் விட்டேன். அடிக்காத பக்கம் ஒண்ணு இல்லேன்னா, அடிச்சது என்ன செஞ்சிச்சின்னு எவனுக்குத் தெரியும்? மழை குடுத்ததையும் மருந்து குடுத்துச்சின்னு சொல்லிக்கிட்டுத் திரிவோம்.”

நிலத்துக்காரர் வந்தார். குட்டைச் செடிகளைக் கண்டதும் அவர் முகம் சுருங்கியது. நீ உயரமான வரிசையில் ஒரு செடி, குட்டையில் ஒரு செடி பிடுங்கி அவர் காலடியில் போட்டாய். குட்டைச் செடியின் அடியில்தான் காய் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. ஒன்றை உடைத்து மென்றுகொண்டே, “ஹரி, தவ கன்னயக் கரமு” என்றார். சரி, இன்னொரு போகம் செய்வோம் என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் உன் மனைவி அந்தக் குட்டைச் செடியிலேயே விதைக்குக் காய் பொறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

இரண்டு தடவை அடித்தால் இன்னும் காய்க்குமே என்றேன் நான். மறுபோகம் ஒரு மூலையில் மட்டும் அடித்துப் பார்த்தாய். காய் சிறுத்துப் பருப்பு சுருங்கிப்போயிருந்தது. “இந்தா, உன் பங்கு. வறுத்து வித்துக்க” என்று என் கையில் கொட்டினாய்.

நீ கண்ணை மூடியபின் நிலம் உன் மனைவியின் பொறுப்பு. இந்தப் போகத்தின் நடுவில் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“அண்ணே, செடியக் கட்டுப்படுத்துற புது மருந்துன்னு கொண்டு வந்தாரு ஒருத்தரு. ஒரு செடி விடாம அடிங்கன்றாரு. தப்பிப் போச்சின்னா நிலம் போயிரும்ணே.”

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: “ரெண்டு வரிச விட்டுட்டுத்தான் அடிப்பேன்னு சொல்லிட்டேன்.”

இன்று மூட்டைக்குள் இரண்டு சிறு பைகள் தனியாக இருந்தன; ஒன்று அடித்தது, ஒன்று அடிக்காதது. உடைத்துப் பார்த்தேன். இந்தப் போகம் மழை குறைவு; செடி தானாகவே அடங்கி நின்றிருக்கும். இரண்டும் ஒன்றுபோலவே நல்ல பருப்பு. புது மருந்து ஒன்றும் கூட்டித் தரவில்லை. சொல்லலாமென்று கூப்பிட்டால், “தெரியும்ணே, நிலத்துக்காரருக்கும் காட்டிட்டேன். அடுத்த போகமும் நமக்குத்தான்” என்று சிரிக்கிறாள்.

என் கடையிலும் புது உப்பு, புது அடுப்பு என்று எது வந்தாலும், ஒரு சட்டி மட்டும் பழையபடி வறுத்துத் தனியே வைத்துவிடுகிறேன். இரண்டையும் தின்று பார்த்த பிறகுதான் மாற்றுவேன். அந்த ஒரு சட்டி உன்னுடையது, மச்சான்.