வராதவரைப் பற்றிப் பேசக்கூடாது

ரெய்னர்ஸ் லேன், லண்டன்
04.02.2007

அன்புள்ள இவருக்கு,

நானும் உங்கள் மகள் பிரசாந்தினியும் சுகம். உங்கள் சுகத்தை நீங்கள் எழுதினால்தான் தெரியும். தொலைபேசியில் கேட்டால் "ஓம், ஓம், கூட்டத்திலை நிக்கிறன், பிறகு எடுக்கிறன்" என்பீர்கள். அதுதான் பேனாவைப் பிடித்திருக்கிறேன். எழுத்தில் கேட்டால் எழுத்தில்தானே பதில் வரவேண்டும்.

நூலகத்தில் என்னோடு வேலை செய்கிற கிரிஜா, "உங்க வீட்டுக்காரர் கனடாவுல எம்.பி.யாமே, அங்க என்னதான் பண்றார்?" என்று கேட்டாள். எம்.பி. இல்லை, மாகாண சட்டமன்ற உறுப்பினர், விசா அவர் கையில் இல்லை, ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும்தான் என்றேன். சரிதானே? அதற்கு மேல் எனக்கே தெரியவில்லை. சபைக்குள்ளே எந்த வரிசையில் இருக்கிறீர்கள்? பேச எத்தனை நிமிஷம் தருவார்கள்? சண்டை பிடிப்பார்களா? எல்லாம் எழுதுங்கோ.

இன்னொன்று. கலியாணத்துக்கு முன்பே உங்களுக்குக் கனடாக் குடியுரிமை இருந்தது. 2002இல் பழைய சிநேகிதர்கள் கூப்பிட்டதும், "ஒரு தவணைதான், நாலு வருஷம் முடிய வந்திடுவன்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினீர்கள். அடுத்த வருஷத் தேர்தலில் வென்றீர்கள், அந்த நாலு வருஷம் முடியப் போகிறது. இந்த ஒக்டோபரில் தேர்தல். திரும்ப நிற்கப் போகிறீர்களா, இல்லையா?

அன்புடன்,
அமராவதி


ரொறன்ரோ
27.02.2007

அன்பின் அமராவதிக்கு,

கேள்வி நேரத்தில்கூட ஒருவரும் என்னை இப்படி மடக்கியதில்லை. கடைசிக்கு முந்தின வரிசையில் இருக்கிறேன். தொகுதி அறிக்கைக்கு ஒன்றரை நிமிஷம். தொண்டையைச் செருமினால் அதில் ஐந்து செக்கன் போய்விடும். சபையில் யாரும் என் பெயரைச் சொல்லமாட்டார்கள், தொகுதியின் பெயரைத்தான் சொல்வார்கள். இன்னொரு வழக்கம் உமக்குப் பிடிக்கும். வராத உறுப்பினரைப் பற்றி "இவர் இன்றைக்கு வரவில்லை" என்று சொல்லக்கூடாது. சொன்னால் சபாநாயகர் எழும்பி அடக்கிவிடுவார். வராதவருக்கும் எங்கேயோ ஒரு வேலை இருக்கும் என்ற மரியாதை அது.

இப்போது ஒரு லிஃப்ட் மசோதா கொண்டுவந்திருக்கிறேன். என் தொகுதியில் பதினாலாம் மாடியில் இருக்கும் தேவராசா அண்ணை டயலிசிஸுக்குப் போகிறவர். லிஃப்ட் ஒன்பது நாள் பழுது. கதிரையோடு தூக்கி இறக்கினோம். பழுதான லிஃப்டை இத்தனை நாளுக்குள் திருத்தவேண்டும் என்று சட்டம் வரவேண்டும், அமராவதி. பிள்ளையின் படிப்பு எப்படி?

அன்புடன்,
புவனேசன்


ரெய்னர்ஸ் லேன்
18.03.2007

அன்புள்ள இவருக்கு,

தேவராசா அண்ணையைத் தூக்கியபோது நீங்கள் எந்தப் பக்கம் பிடித்தீர்கள்? முதுகு நோகவில்லையா? ஆனால் பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்கு விலை சொல்கிறீர்கள். தேர்தல் பற்றி ஒரு எழுத்தும் இல்லையே!

வராதவரைப் பற்றிப் பேசக்கூடாது என்ற வழக்கம் நல்லதுதான். இந்த வீட்டில் அதை எப்போதோ சட்டமாக்கிவிட்டோம். போன கிழமை பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை "அப்பா வரவில்லையா?" என்று கேட்டார். நான் வாய் திறக்க முதலே பிரசாந்தினி, "அவருக்கு வேலை" என்று முடித்துவிட்டாள். பதினாறு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பதில் அவ்வளவு பழக்கம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கேள்வி இன்னமும் அதேதான்.

அமராவதி


ரெய்னர்ஸ் லேன்
24.06.2007

மாண்புமிகு உறுப்பினர் அவர்களுக்கு,

மூன்று மாதமாகப் பதில் இல்லை. சபையில் பேசுவதையெல்லாம் சொல்லுக்குச் சொல் எழுதி இணையத்தில் போடுகிறார்கள் என்று கிரிஜாதான் கண்டுபிடித்தாள். மதியச் சாப்பாட்டு நேரங்களில் ஆரம்பத்திலிருந்து வாசித்தேன். என்ன மாதிரிப் பேசுகிறீர்கள்! மற்றப் பக்கத்தார் குறுக்கே கத்தியதற்கு நீங்கள் கொடுத்த பதில்களை வாசித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. நான் கட்டின மனுசன் இவ்வளவு கெட்டிக்காரனா என்று பெருமையாகவும் இருந்தது.

பிறகு இந்த மாதத்துப் பேச்சு வந்தது. "இந்த மசோதா இன்று செத்தாலும், ஒக்டோபருக்குப் பிறகு நான் திரும்பி வந்து இதை மறுபடி கொண்டுவருவேன்."

"என்னங்க, முகமே மாறிடுச்சு?" என்றாள் கிரிஜா. கணினியை மூடிவிட்டு எழும்பினேன். நூறு பேருக்குச் சொன்னதை எனக்கு ஒருத்திக்குச் சொல்ல உங்களுக்கு ஏலாமல் போய்விட்டது.

அமராவதி


ரொறன்ரோ
09.07.2007

அன்பின் அமராவதிக்கு,

மன்னித்துக்கொள்ளும். உமக்கு எழுதப் பயந்துபோனேன், அதுதான் உண்மை. சபை கலைந்தால் முடியாத மசோதா எல்லாம் செத்துப்போகும். முதலிலிருந்து தொடங்கவேண்டும். "தம்பி, நீர் போனா இதை ஆர் கேக்கிறது?" என்று தேவராசா அண்ணை கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

இந்த முறை போட்டி கடுமை. தோற்றால் அடுத்த விமானத்தில் வீட்டுக்கு வந்துவிடுவேன். இது சத்தியம்.

புவனேசன்


ரெய்னர்ஸ் லேன்
22.07.2007

மாண்புமிகு உறுப்பினர் அவர்களுக்கு,

தோற்றால் வருவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தபாலில் போடமுதல் அதை ஒருதரம் வாசித்துப் பார்த்தீர்களா? சனம் வேண்டாம் என்று அனுப்புகிறவரை நான் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டுமா? வெல்லக்கூடிய நேரத்தில் எழும்பி வந்திருந்தால் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றிருப்பேன்.

லிஃப்ட் சட்டம் வரத்தான் வேண்டும். நில்லுங்கோ, வெல்லுங்கோ. தோற்றால் மட்டும் இங்கே வராதேங்கோ.

அமராவதி


ரொறன்ரோ
12.10.2007

அன்பின் அமராவதிக்கு,

முன்னூற்றுப் பன்னிரண்டு வாக்கால் தோற்றுவிட்டேன். மீசையில் மண் ஒட்டவில்லை என்று எழுத ஏலாது, நன்றாகவே ஒட்டியிருக்கிறது. என்னை வென்ற பெண்ணிடமே நேற்று லிஃப்ட் கோப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்து, தேவராசா அண்ணையின் விலாசத்தையும் கேட்டு எழுதிக்கொண்டார். அதற்கு நான்தான் வேண்டும் என்று எனக்கு ஆர் சொன்னது என்று இப்போது யோசிக்கிறேன்.

நவம்பர் முதலாம் தேதி லண்டன் வருகிறேன். வீட்டுக்கு அல்ல. கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில், என் பழைய சிநேகிதர் செல்லப்பன் தன் மேல் அறையைத் தருகிறார். இவ்வளவு காலமும் நான் செய்யப்போவதை உமக்குச் சொன்னேனே தவிர, ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். உம்மையும் பிள்ளையையும் பார்க்க வரலாமா? வேண்டாம் என்றால் அதையும் எழுதும்.

புவனேசன்


ரெய்னர்ஸ் லேன்
21.10.2007

பிரசாந்தினியின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அவளிடம் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்துவிட்டு, "சனிக்கிழமை எண்டா எனக்கு ஓகே" என்றாள்.

மூன்றாம் தேதி பதினொரு மணிக்கு வாங்கோ. ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து ஒன்றரை மணித்தியாலம் எடுக்கும், வெள்ளனப் புறப்படுங்கோ. உங்களிடம் இந்த வீட்டுத் திறப்பு ஒன்று இருக்கிறது, எனக்குத் தெரியும். அதைப் போட்டுக் கதவைத் திறக்க வேண்டாம். பெல்லை அடியுங்கோ. நான் வந்து திறக்கிறேன்.

அமராவதி