கோயில் வளைவுக் கான்

ஒக். 2, வியாழன்
விடியலிலிருந்து மழை. கண்டி பஸ் இன்றும் கோயில் வளைவுக்குக் கீழேயே திரும்பிவிட்டது. என் வீட்டுக்காரி லெட்சுமி கிளினிக் மருந்துப் பையோடு நனைந்து ஏறி வந்தாள். முழங்கால் வீக்கம். வெந்நீர் ஒத்தடம். அடுத்த கிளினிக் 14ஆம் திகதி.

"இனி என்னால இந்த ஏத்தம் ஏற முடியாதுங்க. கிளினிக்கும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்கிறாள். சீனி வருத்தக்காரி, இரத்தத்தில் சர்க்கரை. மருந்தை விட்டால் என்னாகும்?

மாலை நசீர் நானா கடை. அரசாங்கத்துக்கு வழக்கமான ஏச்சு. நான்தான் அதிகம். நானா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, "கங்காணி, நீங்க ஏசின ஏச்சுக்கு இந்த ரோட்டுக்கு ரெண்டு தரம் தார்க் காப்பெட் போட்டிருக்கணும்" என்றார். எல்லோரும் சிரிப்பு. பாதித் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

ஒக். 3, வெள்ளி
தூறல். பஸ்ஸை வளைவிலேயே மறித்தேன். டிரைவர் சிங்களத் தம்பி, தமிழ் பேசுவார். "ஐயா, எனக்கு வர ஏலாதுன்னு இல்ல. கான் அடைச்சு தண்ணி எல்லாம் ரோட்டுல. வழுக்கினா பள்ளம்தான்." ரோட்டோர வடிகாலான அந்தக் கான் சரியானால் வருவாயா என்றேன். "ஹரி, வர்றேன்." ஹரி என்றால் சரி.

அங்கிருந்து நேரே பிரதேச சபை. முன்பெல்லாம் அது தோட்டத்து ரோடு என்பார்கள். தோட்டத்தில் கேட்டால் சபை ரோடு. இம்முறை யாருடைய ரோடு என்று நான் கேட்கவே இல்லை. போயா லீவுக்கு, பௌர்ணமியன்று, நாங்கள் கான் வெட்டுகிறோம், மண் அள்ள டிரக்டர் மட்டும் அனுப்புங்கள் என்றேன். பஸ் பலகையில் எழுத்துக்கூட்டிப் பழகிய சிங்களம் போதுமாக இருந்தது. கதிரை காட்டினார்கள். உட்காரவில்லை. உட்கார்ந்தால் மறந்துவிடுவார்கள். கடைசியில் உத்தியோகத்தர், "சரி சீயா, அனுப்புறேன்" என்றார். சீயா என்றால் தாத்தா. பரவாயில்லை.

திரும்பும் வழியில் தோட்டத்துத் துரையையும் பார்த்தேன். தடுக்கமாட்டாராம். பெரிய உதவி!

ஒக். 6, திங்கள், போயா
நல்ல வெயில். சிரமதானம்.
மம்பட்டி, கூடை, கத்தி, உரப்பை. எல்லாம் வீடு வீடாக நானே சொல்லி எடுப்பித்தது.

கோயில் முன்னால் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெரட்டு வைத்தேன், கங்காணியாக இருந்தபோது தோட்டத்தில் வைத்த மாதிரியே. பிந்தி வந்த மாரிமுத்துவிடம், "உனக்கு இன்னைக்கி அரைப்பேர்தான், அரை நாள் கணக்கு" என்றேன்.
"முழுப்பேர் போட்டா மட்டும் சம்பளமா குடுக்கப் போறீங்க, கங்காணி?"
பெண்கள் சிரித்த சிரிப்பில் பாதி வேலை முடிந்தது.

கானுக்குள்ளிருந்து வந்தவை: பொலித்தீன், செருப்பு, யார் வீட்டு மெத்தையோ. நானா எல்லோருக்கும் பிளேன்டீயும் பணிசும் கொடுத்தார். டிரக்டர் வந்தது! மூன்று நடை மண். வளைவு முழுக்கக் கான். பார்க்க அழகு. முதுகு வலி, ஆனால் நல்ல தூக்கம் வரும்.

ஒக். 7, செவ்வாய்
இரவெல்லாம் மழை. காலையில் போய்ப் பார்த்தால் தண்ணீர் மறுபடி ரோட்டில்.

விஷயம் இதுதான். தேயிலை மலையில் கான் வெட்டும்போது உள்ளே அங்கங்கே குட்டி மேடு விடுவோம். தண்ணீர் தேங்கி மண் நிற்கும். இங்கேயும் எல்லோரும் அப்படியே வெட்டியிருக்கிறோம்; தண்ணீர் ஓடாமல் மேட்டில் முட்டி ரோட்டுக்கு ஏறிவிட்டது. மேடு விடச் சொன்னது நான். ஒருவருக்கும் கேள்வி வரவில்லை. நாற்பது வருஷக் கை, அதுபாட்டுக்கு வெட்டிவிட்டது.

டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஐயா, ரோட்டுல தேயிலையா நடப் போறீங்க?" என்றார். பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு போனார்.

மலையில் அதுதான் சரியான முறை. அதை யாரும் மறுக்க முடியாது.

மம்பட்டியோடு தனியாக இறங்கினேன். முதல் மேட்டை உடைக்கையில் பின்னால் மாரிமுத்து. "நவுருங்க. நேத்து அரைப்பேர், இன்னைக்கி மீதி அரை." அவன் பின்னால் இன்னும் நாலு பேர். மத்தியானத்துக்குள் எல்லா மேடும் போயிற்று.

ஒக். 9, வியாழன்
பேய் மழை. லெட்சுமி தடுக்கத் தடுக்கக் குடையோடு போய் நின்று பார்த்தேன். தண்ணீர் கானோடு ஓடி மதகில் விழுகிறது. ரோட்டில் ஒரு சொட்டு நிற்கவில்லை. நனைந்ததற்கு வீட்டில் ஏச்சு. கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள்.

ஒக். 14, செவ்வாய்
கிளினிக். மெல்லிய தூறல். சட்டை அயர்ன் பண்ணி, நானும் ஆயத்தம். பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே வளைவைத் தாண்டிக் கோயில் வாசலுக்கு வந்தது. லெட்சுமி ஏறினாள். நான் காலைத் தூக்கி வைக்கப் போக,
"நீங்க எதுக்கு? கைபுடிச்சு ஏத்தத்துல கூட்டிட்டு வரத்தானே கிளம்பினீங்க. இப்ப ஏத்தமே இல்லையே. வீட்ட பாத்துக்கிட்டு இருங்க."
கொண்டக்டர், "றைட்!"

வளைவு வரை நடந்து போய்ப் பார்த்தேன். தண்ணீர் கானில். பஸ் ரோட்டில். ஜன்னலோரத்தில் அவள், பக்கத்தில் இருந்தவளிடம் என்னைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். வந்ததும் என்னவென்று கேட்க வேண்டும்.