இரண்டு வயதுக்காரரின் அறை

செவன் ஹில்ஸ்,
ஓகஸ்ட், ஞாயிறு பின்னேரம்

என் அன்பு மகள் நிரஞ்சலாவுக்கு,

ஆண்டவர் இரக்கத்தால் அப்பாவும் நானும் நல்ல சுகம், கல்கூர்லிச் சுரங்கத் தூசியிலும் ஆஸ்பத்திரி வேலையிலும் நீ உன் உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே குளிர் இன்னும் விடவில்லை, கறிவேப்பிலைக் கன்று இலையெல்லாம் கொட்டிவிட்டது, அது கிடக்கட்டும், செய்தி அப்பாவைப் பற்றியது. நான் சமைக்கிற சைல்ட்கெயாரில் இரண்டு வயதுக்காரருக்குப் புது அறை கட்ட அரசாங்கம் பணம் கொடுத்தது உனக்குத் தெரியும். அறை கட்டி, முழங்கால் உயரக் கதிரைகளும் வந்து, ஐந்து மாதம் பூட்டியே கிடந்தது. ஐந்து பிள்ளைக்கு ஓர் ஆளாவது நிற்க வேண்டும் என்பது சட்டம், ஆளுக்கு எங்கே போவது, பிள்ளைகளைப் பார்க்க இருந்த இரண்டு பெட்டைகளும் கூடிய சம்பளத்துக்கு வேறிடம் போய்விட்டார்கள். ஜூலைக்குள் திறக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று கடிதம் வந்த அன்று, பொறுப்பாளர் மீனாம்பாள், கெல்லிவில்லிலிருந்து வருகிற மதுரைக்காரி, என் குசினிக்குள் வந்து நின்று அழுதார். இடம் கேட்டுப் பதினெட்டுக் குடும்பம் காத்திருந்தது.

கிடங்கில் பெட்டி தூக்கும் போர்க்லிப்ட் ஓட்டிய வேலை போன பிறகு அப்பா என்னை ஏற்ற வந்தால் காரிலேயே இருப்பார். அன்று நான் பிந்தியதால் உள்ளே வந்தார். முற்றத்தில் ஒரு குட்டிப்பெண் ஓடிவந்து அவருடைய சப்பாத்தின் மேல் உட்கார்ந்துகொண்டாள். அவள் தானாக எழும்பும்வரை இவர் காலை அசைக்காமல் நின்றார், அதைப் பார்த்துக்கொண்டிருந்த மீனாம்பாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அண்ணா, இதுக்கு ஒரு கோர்ஸ் இருக்கு, அரசாங்கமே ஃபீஸ் கட்டுது. படிச்சுக்கிட்டே வேலை பாக்கலாம். வர்றீங்களா?” என்று கேட்டார்.

நான் சிரித்துவிட்டேன் மகள். வீட்டுக்கு வந்ததும் சிரிப்புப் போய்க் கோபம் வந்தது, ஐம்பத்தெட்டு வயதில் ஓர் ஆம்பிளை பிள்ளைகளுக்கு இடுப்பில் கட்டுகிற நப்பி மாற்றினால் கோயிலில் சனம் என்ன கதைக்கும் என்று கேட்டேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, “எங்கட பிள்ளை சின்னனா இருக்கேக்க எனக்கு ரெண்டு வேலை. அவள் நடந்ததையும் நான் காணேல்லை, கதைச்சதையும் காணேல்லை. நான் படிக்கப் போறன், அருள்” என்றார். அடுத்த நாளே நான் மேசையை ஒதுக்கிக் கொடுத்தேன். மேசையில் ஆங்கிலப் புத்தகம், விளங்காத சொல்லையெல்லாம் போனில் தேடுவது, என் தலையணைக்கு நப்பி கட்டிப் பழகுவது, நீ பார்த்திருக்க வேண்டும்.

பொலிஸ் செக், முதலுதவிப் பயிற்சி எல்லாம் முடிந்து ஜூன் கடைசித் திங்களில் அறை திறந்தது. பத்துப் பிள்ளைகள், அப்பாவும் புதிதாகச் சேர்ந்த தர்சினி என்ற பெட்டையும். அன்று காலையில் ஓர் இளம் தாய் மகனின் கையை விடாமல் வாசலிலேயே நின்றாள், இந்த மனிதரா என் பிள்ளையைப் பார்ப்பார் என்று தர்சினியிடம் மெதுவாகக் கேட்டாளாம். அப்பாவின் முகம் வாடியதைக் குசினி யன்னலால் கண்டேன். அவரோ கோபிக்காமல் அவளுக்கு ஒரு கதிரை கொண்டுவந்து வைத்து, விரும்பிய மட்டும் இருங்கள் என்று சொல்லிவிட்டுத் தரையில் குந்தி, வாயால் போர்க்லிப்ட் சத்தம் போட்டுக்கொண்டு மரக்கட்டை அடுக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பையனே கையை உதறிக்கொண்டு வந்து ஒரு கட்டையை நீட்டினான். பத்து மணிக்குத் தாய் வேலைக்குப் போனாள். அடுத்த நாள் போன் எடுத்து, அந்த அங்கிள் எந்தெந்த நாள் நிற்பார், தன் மகனுக்கும் அந்த நாட்களே வேண்டும் என்று கேட்டாளாம்.

இப்போது அரசாங்கம் சம்பளத்தையும் கொஞ்சம் கூட்டியதில், போன பெட்டைகளில் ஒருத்தி திரும்பி வருகிறாள். கோயிலிலும் யாரும் ஒன்றும் கதைக்கவில்லை, போன ஞாயிறு பூசை முடிய இரண்டு பேர் இவரிடம் வந்து பேரப்பிள்ளைக்கு இடம் கிடைக்குமா என்று விசாரித்தார்கள்.

அப்பா இதைத் தானே உனக்குச் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டு, வெட்கத்தில் நாள் கடத்துகிறார். அவர் போன் எடுத்துச் சொன்னால் முதல்முறை கேட்பது போலக் கேள். நேரத்துக்குச் சாப்பிடு, செப்டம்பர் லீவுக்கு இப்போதே டிக்கெட் போடு. வந்தால் ஒருநாள் மத்தியானம் அந்த அறை யன்னலால் மெல்ல எட்டிப் பார், கதவைத் திறக்காதே, பிள்ளைகள் நித்திரையாகும் நேரம். நடுவில் ஒரு குட்டிக் கதிரையில் முழங்கால் நெஞ்சில் முட்ட இருந்துகொண்டு, இரண்டு கையாலும் இரண்டு முதுகைத் தட்டிக்கொண்டு இருப்பார் உன் அப்பா.

மாதா உன்னைக் காப்பாற்றுவா.

என்றும் உன் நினைவில்,
அம்மா அருள்நாயகி